சார்ஜ் எடுக்காத அதிகாரி

ஒரு காட்டில் ஒரு லேப்டாப் இருந்தது.

சிரிக்காதீர்கள். இது சிரிக்கிற இடம் இல்லை. சிரிக்கிற இடம் ஒன்று இந்தக் கதையில் உண்டு, வயிறு வலிக்கும், அதற்கு நான் கேரண்டி. ஆனால் அது வர நேரமாகும். அதுவரை எல்லாரும் வரிசையில் நிற்கவும். முண்டக் கூடாது. உங்களுக்குப் பின்னால் நிற்கும் ஆமை உண்மையில் உங்களுக்கு முன்னால் வந்தவர். டீ குடிக்கப் போயிருந்தார்.

காட்டில் கரண்ட் ஏது என்று அங்கே ஒருவர் கையைத் தூக்குகிறார். மிருகங்கள் பேசப்போகிற கதை என்று தெரிந்தும் தூக்காத கை இதற்கு மட்டும் எதற்கு? இறக்குங்கள்.

அந்த லேப்டாப் இருந்தது வளை ஒதுக்கீட்டு அலுவலகத்தில். யாருக்கு எந்த வளை, யாருக்கு எந்தப் பொந்து என்று பட்டா கொடுக்கிற ஆபீஸ். முன்பெல்லாம் காலி வளையைப் பார்த்தால் மிருகங்கள் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். அது காட்டுமிராண்டித்தனம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது நாகரிகமாக மனு கொடுத்துவிட்டு வெளியே படுத்துக்கொள்கின்றன.

ஆபீசின் தலைமை எழுத்தர் ஒரு தேவாங்கு. பெயர் தெய்வசிகாமணி. தேவாங்குக்குப் பகலில் தூக்கம், இரவில்தான் விழிப்பு. ஆபீஸ் நேரமோ காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. இந்த வேலைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று தேர்வுக் குழு ஒரே குரலில் முடிவு செய்தது. இரண்டு கண்ணும் இரண்டு தட்டு மாதிரி இருக்கும். பார்த்தால் எல்லாம் புரிந்துவிட்ட முகம். புரிவதற்கு மட்டும் சில நாள் பிடிக்கும்.

ஒரு திங்கட்கிழமை முள்ளம்பன்றி மூக்காயி ஜன்னலுக்கு வந்தாள். அவளுக்கு மூன்று குட்டிகள். பழைய வளை இடிந்துபோனதால் ஓடைப் பாலத்துக் குழாய்க்குள் குடியிருந்தாள். மழை பெய்தால் அது குழாய் இல்லை, ஆறு. மூங்கில் புதருக்கு அடியில் மேட்டு வளை ஒன்று காலியாகக் கிடந்தது. அதைக் கேட்டு மனுப் போட்டு மூன்று மாதம் ஆகிறது. ஐப்பசி மழைக்கு இன்னும் நாலே நாள்.

"ஐயா, நம்ம பட்டா என்னாச்சுங்கய்யா?"

"லேப்டாப் சார்ஜ் எடுக்கலம்மா," என்றார் தெய்வசிகாமணி, கண்ணைத் திறக்காமல்.

"போன வாரமும் இதத்தான சொன்னீக."

"போன வாரமும் எடுக்கல."

"அதுக்கு முந்துன வாரம் எடுத்துச்சே. கீரிப்புள்ளைக்கு எடுத்துச்சே."

"எடுக்கும், விடும். எடுக்கும், விடும். அது மனசும்மா. நாம என்ன பண்ண முடியும்?"

காய்ச்சலுக்கும் லேப்டாப்புக்கும் வைத்தியம் சொல்லத் தெரியாத ஜீவன் இந்த உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. வரிசை மொத்தமும் உள்ளே வந்துவிட்டது.

"பின்னைக் கழட்டி ஊதுங்கப்பா," என்றது குரங்கு. கழற்றி ஊதினார்கள். தூசி தெய்வசிகாமணியின் கண்ணில் விழுந்தது. வேறு எங்கே விழும்? அவர் முகத்தில் வேறு இடம் இல்லை.

"பிளக் பாயிண்ட்ல கோளாறு இருக்கும்," என்றது யானை. தும்பிக்கையை உள்ளே விட்டுப் பார்த்தது. "கோளாறு இல்ல, கரண்ட் நல்லா வருது," என்று அரை மணி நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து சொன்னது.

"பேட்டரியைக் கழட்டி அஞ்சு நிமிஷம் வெளிய வைங்க," என்றது வரையாடு. வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பேட்டரி இல்லை, குரங்கும் இல்லை. துரத்திப் பிடித்து, வாயைப் பிளந்து வாங்கித் துடைத்து மாட்டினார்கள்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க," என்றது ஆமை.

"அது ஆஃப்லதான் இருக்கு."

"அப்ப ஆன் பண்ணி ஆஃப் பண்ணுங்க."

இல்லை, இதுவும் அந்த இடம் இல்லை. பொறுங்கள்.

மூக்காயிக்கு அடுத்து வரிசையில் நின்றவள் கரிச்சான் குருவி கனகு. கன்னங்கரேல் என்று இருப்பாள். வால் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு நுனியிலும் ஒரு துடுப்பு. அவளுக்குச் சொந்தக் குரல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மற்றவர் குரல் எல்லாம் சொந்தம். பருந்து மாதிரிக் கத்தித் தவிட்டுக் குருவிகளைப் பறக்கவிட்டு, அவை போட்டுவிட்டுப் போன புழுவைத் தின்று உடம்பை வளர்த்தவள். அவளுடைய அடையாள அட்டையில் 'காக்கை' என்று அடித்துவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையைத் திருத்த நாலு மாதமாக நடக்கிறாள்.

கனகு மேசையில் குதித்து லேப்டாப்பின் பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஐயா, பின் சொருகுற ஓட்டை ஆடிப்போயிருக்கு. தூக்கிப் பிடிச்சா ஏறுது, விட்டா நின்னுடுது. அதான் உங்க 'மனசு'. ஆமா, பின்னுக்கு அடியில எதையோ முட்டுக் குடுத்திருக்கீங்களே, என்னது அது?"

"காகிதம். அது இருக்கிறதாலதான் இந்த அளவுக்காவது எடுக்குது. மூணு மாசமா இந்த ஆபீசைத் தாங்குறதே அதுதான்."

எட்டாக மடித்த காகிதக் கட்டு. கனகு அலகால் இழுத்தாள். ஆரஞ்சு விளக்கு அணைந்தது. அவள் கட்டைப் பிரித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் படிக்கிற குரலில் உரக்கப் படித்தாள்.

"பொருள், வளை வேண்டி மனு. மனுதாரர், மூக்காயி, முள்ளம்பன்றி. முகவரி, ஓடைப் பாலம், தெற்குக் குழாய். இணைப்பு, ஆறு."

மூக்காயியின் உடம்பில் இருந்த அத்தனை முள்ளும் 'சர்ர்' என்று நிமிர்ந்தன. பக்கத்தில் நின்ற முயல் இரண்டடி தள்ளிக்கொண்டது.

"அடப் பாவித் தேவாங்கே! என் மனுவ லேப்டாப்புல ஏத்தச் சொன்னா, அண்டக் குடுத்தா வச்சிருக்கீரு?"

"கோவப்படாதம்மா. எல்லார் மனுவையும் மடிச்சு வெச்சுப் பார்த்தேன். ஒண்ணு மெல்லிசு, ஒண்ணு தடிமன். உன்னுதுதான் ஆறு இணைப்போட கனம் கணக்கா இருந்துச்சு. இதுல நீ பெருமைதான் படணும்."

"சரி, வெளிய எடுத்தாச்சுல்ல? இப்ப ஏத்துங்க."

"எடுத்துட்டா சார்ஜ் ஏறாதே."

"அப்பத் திரும்ப வச்சுட்டு ஏத்துங்க."

"வெச்சுட்டா எதைப் பார்த்து ஏத்துறது?"

மூக்காயி மேசைக்கு இன்னும் கிட்டே வந்தாள். "வேற மனு எழுதித் தரட்டுங்களா?"

"ஒரு வளைக்கு ஒரு மனுதான். ரெண்டாவதை லேப்டாப் ஏத்துக்காது."

"வேற காகிதத்தை மடிச்சு வையுமய்யா!" என்று வரிசையே கத்தியது.

"ஆபீஸ் காகிதத்தை ஆபீஸ் வேலைக்கு மட்டும்தான் பயன்படுத்தணும்," என்றார் தெய்வசிகாமணி. கறாரான ஆள்.

கனகு ஒரு தேக்கிலையை மடித்துச் செருகினாள். சூட்டில் சுருண்டுபோனது. குச்சியைச் செருகினாள். கரையான் வந்து, "இது எங்க டிபார்ட்மெண்ட்," என்று எடுத்துக்கொண்டு போனது.

"ஆக, உன் மனு இல்லாம சார்ஜ் ஏறாது, சார்ஜ் ஏறாம உன் மனு ஏறாது," என்று தெய்வசிகாமணி கொட்டாவியோடு தீர்ப்புச் சொன்னார். "திங்கட்கிழமை வா."

"இன்னைக்கே திங்கக்கிழமதான்."

"அதுக்கு அடுத்தது."

மனுவை மறுபடியும் எட்டாக மடித்துப் பின்னுக்கு அடியில் செருகினார். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. அவர் தூங்கிவிட்டார்.

மூக்காயி வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். முள் எல்லாம் படிந்துபோய்விட்டது. "அடுத்த திங்கக்கிழம எம்பிள்ளைக மிதந்துதான் வரணும்," என்றாள்.

கனகு பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, இந்த ஆளு யார் சொன்னாக் கேப்பாரு?"

"யார் சொன்னாலும் கேக்க மாட்டாரு. மேலிடம் சொன்னா மட்டும் கேப்பாரு."

மேலிடம் என்றால் புலி. வட்டார ஆணையர். மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கிருந்து கடிதம் வரும், மெமோ வரும், நினைவூட்டல் வரும். புலி வந்ததில்லை. இருபது வருடமாக அதற்குப் பயப்படும் தெய்வசிகாமணி அதன் குரலைக்கூடக் கேட்டதில்லை.

கேட்காத குரலை மிமிக்ரி செய்வது எப்படி? கனகு அரை நிமிடம் யோசித்தாள். பயப்படுகிற ஆளின் மண்டைக்குள் அந்தக் குரல் ஏற்கனவே ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை எடுத்து வெளியே விட்டால் போதும்.

மறுநாள் பன்னிரண்டு மணி. தெய்வசிகாமணியின் நாற்காலிக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கொடி. கொடிக்குள் கனகு.

"கிர்ர்ர்ங்… கிர்ர்ர்ங்…"

தெய்வசிகாமணி தூக்கத்திலேயே மேசை போனின் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

"வணக்கம்," என்றது ஒரு பெண் குரல். "இது வட்டார ஆணையர் அலுவலகம். தயவுசெய்து காத்திருக்கவும். தாங்கள் காத்திருப்பது எங்களுக்கு மகிழ்ச்சி அளிக்கிறது." கொஞ்ச நேரம் நாதஸ்வரம். பிறகு ஒரு இருமல். பிறகு அந்தக் குரல். கிணற்றுக்குள் பாறாங்கல் உருளுகிற மாதிரி.

"யாருய்யா பேசுறது?"

தெய்வசிகாமணி எழுந்து நின்றார். இருபது வருடத்தில் பகலில் அவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. "தெய்வசிகாமணிங்கய்யா. தலைமை எழுத்தருங்கய்யா."

"அங்க சார்ஜ் எடுத்தாச்சா?"

"எடுக்கலீங்கய்யா. எடுக்குது, விடுது."

"எடுக்குதா? விடுதா? ஒரு அதிகாரி புதுசா சார்ஜ் எடுக்க வந்திருக்காரு, அவரை அது இதுன்னு பேசுறீரா? மரியாதையா, எடுக்கிறார் விடுகிறார்னு சொல்லும்!"

தெய்வசிகாமணி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஐயா தப்பாக எடுத்துக்கொண்டுவிட்டார். பொறுப்பேற்க வந்த அதிகாரி சார்ஜ் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். 'ஐயா, அது அதிகாரி இல்லை, லேப்டாப்' என்று சொல்ல வாயைத் திறந்தார். மேலதிகாரி சொன்னதைத் திருத்தியவர்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர்கள் பெயரைப் பதிவேட்டில் அடித்ததே அவர்தான்.

"விடுகிறாருங்கய்யா," என்றார்.

"ஏன் விடுறாரு? மாலை போட்டீரா?"

"இல்லீங்கய்யா."

"சால்வை?"

"இல்லீங்கய்யா."

"வெறுங்கையை வீசிட்டு நின்னா எவன்யா சார்ஜ் எடுப்பான்? முதல்ல ஆளைக் கவனியும். நாளைக்கு இதே நேரம் கூப்பிடுறேன். டொக்."

டொக் என்றதும் கனகுதான்.

ஒரு மணிக்குள் மாலை வந்தது. சாமந்தி. இரண்டு மணிக்குச் சால்வை. வாசலில் 'உயர்திரு லேப்டாப், வளை ஒதுக்கீட்டு அலுவலர்' என்று பலகை. மூன்று மணிக்கு வரவேற்புக் கூட்டம். "அதிகம் பேசாதவர், எளிமையானவர், எவரிடமும் முகம் சுளிக்காதவர்," என்று யானை பத்து நிமிடம் பேசியது. பொய் ஒன்றுகூட இல்லை. கரும்புத் துண்டு தருவார்கள் என்று தெரிந்து வரிசை முழுக்கக் கைதட்டியது. சால்வையின் சூடு தாங்காமல் லேப்டாப்பின் உள்ளே இருந்த காற்றாடி 'உஸ்ஸ்' என்று ஓடியது.

"ஐயா நெகிழ்ந்துட்டாரு," என்றார் தெய்வசிகாமணி.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் கிர்ர்ங். இந்த முறை ஒரே மணியில் எடுத்துவிட்டார்.

"சால்வை போட்டாச்சா?"

"போட்டாச்சுங்கய்யா. வெயிட்டான சால்வைங்கய்யா."

"சார்ஜ் எடுத்தாரா?"

"எடுக்கிறார், விடுகிறாருங்கய்யா."

"ம்ம். அதிகாரி சார்ஜ் எடுக்கலைன்னா இன்சார்ஜ் ஒருத்தரைப் போட்டாகணும். விதி அப்படி. சரி, அதிகாரி சாஞ்சிடாம இப்ப அவருக்கு முட்டுக் குடுக்கிறது யாரு?"

தெய்வசிகாமணி குனிந்து பின்னுக்கு அடியில் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. "மூக்காயிங்கய்யா."

"எத்தனை நாளா?"

"மூணு மாசமாங்கய்யா."

"மூணு மாசமா முட்டுக் குடுக்கிற அம்மாவை வெளிய நிக்க வெச்சிருக்கீரா? எந்த ஆபீஸ்லயும் முட்டுக் குடுக்கிறவங்கதான்யா இன்சார்ஜ்! இது கூடத் தெரியாம இருபது வருஷம் என்ன சர்வீஸ் பண்ணீரு? உடனே உத்தரவு போட்டு முத்திரையை அந்தம்மா கையில குடும். பட்டாவைக் கையாலயே எழுதட்டும். டொக்."

தெய்வசிகாமணி உத்தரவு எழுதினார். அவருக்கு இது கைவந்த கலை. 'ஆணையர் அவர்களின் தொலைபேசி வாய்மொழி உத்தரவின்படி, உயர்திரு லேப்டாப் அவர்கள் சார்ஜ் எடுக்க இயலாத நிலையில் உள்ளமையால், அன்னாருக்குத் தொடர்ந்து முட்டுக் கொடுத்துவரும் திருமதி மூக்காயி அவர்கள், மறு உத்தரவு வரும் வரை, கூடுதல் சார்ஜ் வகிக்கப் பணிக்கப்படுகிறார்.'

மூக்காயியை அழைத்து நாற்காலியைக் காட்டினார்கள். அவள் திருதிருவென்று விழித்தாள்.

"அக்கா, ஒண்ணும் கேக்காத. உக்காரு," என்று கனகு காதில் கிசுகிசுத்தாள்.

மூக்காயி உட்கார்ந்தாள். நாற்காலி மெத்தையில் நாற்பது ஓட்டை விழுந்தது. முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி மையில் தோய்த்தாள். முதல் பட்டா தனக்கு. மனுவை அவள் எடுக்கவே இல்லை. என்ன எழுதியிருந்தாள் என்பது மனப்பாடம். முத்திரையைத் தூக்கிக் குத்தினாள். இரண்டாவதாகக் கனகுவின் அட்டையில் 'காக்கை'யை அடித்துவிட்டுக் 'கரிச்சான்' என்று எழுதினாள். பிறகு, "அடுத்தது யாருப்பா?" என்றாள். அந்த வார்த்தையை அந்த ஆபீசில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. ஐந்து மணிக்குள் வரிசை தீர்ந்தது. ஆமை மட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே மூன்று குட்டிகளும் மேட்டு வளைக்குள் போய்விட்டன. சொன்னபடி வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. பாலத்துக் குழாய் ஆறாக ஓடியது. மூக்காயி தினமும் அதைத் தாண்டித்தான் ஆபீசுக்கு வந்தாள். ஒரு நாளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை, கொட்டுகிற மழையில், புலி வந்தது.

நிஜப் புலி. ஆய்வுக்கு வந்தது. வாசல் நிலை முழுக்க அடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, உடம்பை ஒரு தடவை சிலிர்த்து, மாலையும் சால்வையுமாக இருந்த லேப்டாப்பைப் பார்த்தது. நாற்காலியில் இருந்த முள்ளம்பன்றியைப் பார்த்தது. மேசையில் இருந்த உத்தரவை முழுக்கப் படித்தது. ஆபீசில் ஒரு ஈ அசையவில்லை. புலி தொண்டையைக் கனைத்தது. வாயைத் திறந்தது.

"இதுக்கு யாருங்க மாலை போட்டது?"

கொசு ஒன்று பாட்டு கிளாஸுக்குப் போய்விட்டு வந்த மாதிரி ஒரு குரல்.

சிரிக்கிற இடம் இதுதான். சொன்னேன் அல்லவா? ஆனால் எதிரில் நிற்பது புலி. தைரியம் இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

தெய்வசிகாமணி புலியின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "யாரும்மா அது? ஐயா பேச வர்றாரு, குறுக்க பேசாத."

"நான்தாங்க பேசுறேன்," என்றது புலி. "என் குரலே இப்படித்தான். அதனாலதான் நான் யாருக்கும் போன் பண்றதே இல்லைங்க. எல்லாம் லெட்டர்தான். இதுல என்னமோ தொலைபேசி வாய்மொழி உத்தரவுன்னு எழுதியிருக்கீங்களே. யாராவது உங்களை ஏமாத்திட்டாங்களா? அப்படி இருந்தா நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அந்த உத்தரவுல குடுத்த பட்டா அத்தனையும் இப்பவே ரத்து பண்ணிடலாம்."

மூக்காயியின் முட்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. வெளியே மழை இன்னும் வலுத்தது.

தெய்வசிகாமணி காகிதத்தை எடுத்தார். அவர் கண்கள் இரண்டும் மெதுவாக நகர்ந்தன. முதலில் புலியின் வாய்க்கு. அங்கிருந்து மேசையில் இருந்த போனுக்கு. போனிலிருந்து அதன் வயருக்கு. வயர் மேசையைச் சுற்றி, பீரோவுக்குப் பின்னால் போய், பழைய கோப்புகளை ஒரு கட்டாகக் கட்டியிருந்தது. வேறு எங்கேயும் போகவில்லை. கண்கள் ஜன்னலுக்கு வந்தன. கொடிக்கு வெளியே இரண்டு வால் நுனி, இரண்டு துடுப்பு, மூச்சுக்கூட விடாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

புரிந்துவிட்டது.

எழுத ஆரம்பித்தார். 'தெய்வசிகாமணி ஆகிய நான், கரிச்சான் ஒன்று கொடுத்த குரலை நம்பி, மேற்படி லேப்டாப்புக்குச் சாமந்தி மாலை அணிவித்து, சால்வை போர்த்தி, அது நெகிழ்ந்ததாகவும் அறிவித்து…' அந்த வரி வரைக்கும் எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தார். காகிதத்தைக் கசக்கி வாயில் போட்டு விழுங்கினார்.

"யாரும் ஏமாத்தலீங்கய்யா," என்றார். "ஐயாதான் பேசுனீங்க. ரெண்டு தடவை பேசுனீங்க. கணீர்னு பேசுனீங்க. அப்படி ஒரு குரலை நான் ஜென்மத்துல கேட்டதில்லீங்கய்யா."

புலியின் காது இரண்டும் நிமிர்ந்தன. அதன் குரலைப் பற்றி இதுவரை யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

"கணீர்னா?"

"இடி இடிச்ச மாதிரிங்கய்யா."

"அப்ப நான்தான் பேசியிருப்பேன்," என்றது புலி மெல்லிய குரலில். உத்தரவின் அடியில் கையெழுத்துப் போட்டது.

நீதி (நகல் மட்டுமே வழங்கப்படும், அசல் கேட்கக் கூடாது): ஒருவர் ஏமாந்தால் அது மோசடி. மேலதிகாரியும் சேர்ந்து ஏமாந்தால் அது நடைமுறை.